போலீஸ், தீயணைப்பு வீரர்களுக்கு நடுவர் தீர்ப்பு: பென்சில்வேனியாவில் ஆக்ட் 111 படி கேட்பது எப்படி?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1970-இல் ஆசிரியர்கள் உட்பட மற்ற அரசு ஊழியர்களில் பெரும்பாலோருக்கு வேலைநிறுத்த உரிமை கிடைத்தது. போலீசாருக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் அது இல்லை. இவர்களுக்குத் துணை 1968-இல் வந்த ஆக்ட் 111 தான். அதற்கு முந்தைய ஆண்டு மக்கள் வாக்களித்து மாநில அரசியலமைப்பையே திருத்திய பிறகுதான் இந்தச் சட்டம் வர முடிந்தது. சம்பளம், சலுகைகள் பற்றி ஊர் நிர்வாகத்தோடு நடக்கும் பேச்சுவார்த்தை முறிந்தால் மூன்று பேர் கொண்ட நடுவர் குழு சொல்வதுதான் முடிவு. ராத்திரி பகலாக ஊரைக் காக்கிறவர்களுக்கு இருக்கும் ஒரே பிடி இது.

ஒரு சிறிய ஊரின் போலீஸ் சங்கத்துக்கு இந்தக் காகித வேலையை முழுவதும் செய்து கொடுத்திருக்கிறேன். சங்கம், கான்ட்ராக்ட் (ஊரோடு சங்கம் போடும் ஒப்பந்தம்) பற்றிய அரிச்சுவடியை விட்டுவிட்டு நேராக வேலைக்கு வருகிறேன்.

படி 1: காலண்டர்

புதிய நிதியாண்டு தொடங்குவதற்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே பேச்சுவார்த்தை ஆரம்பிக்க வேண்டும். நடுவர் தீர்ப்பு கேட்கும் கடிதம் 110 நாள் முன்பே போயிருக்க வேண்டும். ஜனவரி 1-இல் நிதியாண்டு தொடங்கும் ஊரில் ஜூன் மாதத்துக்குள் பேச்சைத் தொடங்குங்கள். செப்டம்பர் 13 கடிதத்துக்குக் கடைசி நாள். பேச்சு தொடங்கி 30 நாளில் உடன்பாடு வராவிட்டால் முட்டுக்கட்டை என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். “இன்னும் கொஞ்சம் பேசிப் பார்ப்போமே” என்று ஊர் நிர்வாகம் ஆகஸ்டில் இனிமையாகச் சொல்லும். தாராளமாகப் பேசுங்கள், ஆனால் கடிதத்தையும் அனுப்பிவிடுங்கள். கடிதம் போனதால் பேச்சு நின்றுவிடாது.

படி 2: கடிதம்

நாங்கள் திணறியது இங்கேதான். எந்தெந்த விஷயத்தில் தகராறு என்று எழுத்தில் குறிப்பிட வேண்டும் என்கிறது சட்டம். சங்கத்தின் பழைய கோப்பில் இருந்த மாதிரிக் கடிதத்தில் “சம்பளமும் சலுகைகளும்” என்று ஒரே வரி. அதையே அனுப்பினால் எது தகராறு, எது இல்லை என்று மறுபக்க வக்கீல் விசாரணை நாளில் வாதாடுவார். பட்டியலில் இல்லாத விஷயத்தில் குழு தீர்ப்பு சொன்னால், அதிகாரத்தை மீறியது என்று அந்தப் பகுதியை நீதிமன்றத்தில் தள்ளுபடி செய்யவும் கேட்கலாம்.

அதனால் நடப்புக் கான்ட்ராக்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரிவு பிரிவாக எழுதுங்கள். “மருத்துவக் காப்பீடு” என்று மட்டும் எழுதினால் போதாது. “மருத்துவக் காப்பீடு: ஊழியர் செலுத்தும் மாதப் பங்கு, குடும்பத் திட்டத்துக்கான பங்கு, ஓய்வு பெற்றவர்களுக்கான காப்பீடு” என்று விரியுங்கள். ஓவர்டைம், சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போகும் நேரத்துக்கான சம்பளம், சீருடைப் படி, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி கொடுங்கள்.

மின்னஞ்சலை மட்டும் நம்பாதீர்கள். ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். கையெழுத்தோடு திரும்பி வரும் அந்தச் சின்ன அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

படி 3: நடுவர்கள்

கடிதம் போன ஐந்து நாளுக்குள் இரு தரப்பும் தலா ஒருவரை நியமிக்க வேண்டும். இவர்கள் இருவரும் அவரவர் தரப்புக்காகப் பேசுகிறவர்கள், அதை யாரும் மறைப்பதில்லை. தராசு மூன்றாமவர் கையில். பத்து நாளில் அவர் யார் என்று ஒத்துவராவிட்டால் நடுவர்களின் அமைப்பான அமெரிக்க ஆர்பிட்ரேஷன் அசோசியேஷனிடம் பட்டியல் கேட்கலாம். மூன்று பெயர்கள் வரும், மூவரும் பென்சில்வேனியாவில் வசிப்பவர்கள். முதலில் ஊர்த் தரப்பு நடுவர் ஒரு பெயரை அடிப்பார். அப்புறம் நம் தரப்பு ஒன்றை அடிக்கும். மிஞ்சுகிறவர் தலைவர்.

கடைசி வெட்டு நம்முடையது என்பது பெரிய சௌகரியம். பட்டியல் வந்த அன்றே மூவரும் முன்பு கொடுத்த தீர்ப்புகளைத் தேடிப் படியுங்கள். சம்பள உயர்வில் தாராளமாக இருப்பவர் காப்பீட்டில் கெடுபிடியாக இருக்கலாம்.

படி 4: விசாரணை

மிச்சிகன் மாநிலத்தில் இதே மாதிரி இருக்கும் ஆக்ட் 312 என்ற சட்டம், நடுவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று வரிசை போட்டுச் சொல்கிறது. ஆக்ட் 111-இல் அப்படி எதுவும் இல்லை. அதனால் அக்கம்பக்கத்து ஊர்களோடு ஒப்பிடும் அட்டவணைதான் உங்கள் பலம். அந்த ஊர்களின் போலீஸ் கான்ட்ராக்டுகள் பொது ஆவணங்கள். தகவல் அறியும் சட்டப்படி கேட்டால் ஐந்து வேலை நாளில் பதில் வர வேண்டும், ஆனால் இன்னும் 30 நாள் அவகாசம் எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. ஆகவே வசந்த காலத்திலேயே கேட்டுவிடுங்கள்.

அட்டவணைக்கு எக்செல் போதும், ஒரே தாளில் அடங்கட்டும். “பணம் இல்லை” என்று ஊர் சொல்லும்போது காட்ட, அவர்களுடைய தணிக்கை அறிக்கையையே இணைத்து வையுங்கள்.

படி 5: தீர்ப்பு

மூவரில் இருவர் ஒப்பினால் தீர்ப்பு. மேல்முறையீடு இல்லை, அதிகார வரம்பு, நடைமுறை, அதிகார மீறல், அரசியலமைப்பு உரிமை ஆகியவற்றில் கோளாறு இருந்தால் மட்டுமே நீதிமன்றம் தலையிடும். மூன்றாமவர் வந்து 30 நாளில் தீர்ப்பு வர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் பல மாதம் இழுக்கும், உறுப்பினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செலவில் நம் நடுவரின் சம்பளம் மட்டும் நம்முடையது. மூன்றாமவருக்கும் சுருக்கெழுத்தாளருக்கும் ஊர் கொடுக்கும்.

பின்சேர்க்கை: தேதிகள் ஒத்துவரவில்லை என்று பிலடெல்பியாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அங்கே நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது, எனவே கடிதத்துக்குக் கடைசி நாள் மார்ச் 13. உங்கள் ஊரின் நிதியாண்டை முதலில் பார்த்துவிட்டு எண்ணுங்கள். இன்னொருவர் தன்னார்வத் தீயணைப்பு வீரர்களைப் பற்றிக் கேட்டார். ஊரின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் இந்தச் சட்டம்.