ஊமைப்படத்துக்கு வேகமும் தமிழ் எழுத்தும்: வெள்ளவத்தையில் திரையிடுவோருக்கு

1927இல் வெளியான, சோவியத் இயக்குநர் அப்ராம் ரோமின் 'மூன்றாம் மெஷ்சான்ஸ்கயா' என்ற ஊமைப்படத்தைத் திரையிடும்போது முதலில் கெடுவது வேகம். கோல்யா போல்ஷோய் அரங்கின் கூரையில் திருத்தவேலை செய்பவன். வலோத்யா அவனுடைய பழைய படைத்தோழன், அச்சகத் தொழிலாளி. மொஸ்கோவில் அறை கிடைக்காமல் கோல்யா வீட்டு சோபாவில் படுக்கிறான். இதைவிட மெதுவான வேகத்துக்கென எடுத்த படத்தை நொடிக்கு 24 சட்டத்தில் (ஃபிரேமில்) ஓடவிட்டால் கூரை வேலையில் பாரமே தெரியாது, இருவரும் பொம்மலாட்டம் போலத் துள்ளுவார்கள். சனம் சிரிக்கும், சிரிக்கவேண்டிய இடத்தில் அல்ல.

வீஎல்சி என்ற வீடியோ ஓட்டும் மென்பொருளில் வேகத்தை 0.75 ஆக்கினால் 24 சட்டம் 18 ஆகும், 0.83 என்றால் கிட்டத்தட்ட 20. எது சரி என்று நடையைப் பார்த்து முடிவெடுங்கள். கால் அழுத்தி ஊன்றினால் சரி, மிதந்தால் கூடக் குறைத்துவிட்டீர்கள். சில பிரதிகள் ஏற்கெனவே வேகம் திருத்தப்பட்டவை. ஆங்கில 'ஈ' விசையால் சட்டம் சட்டமாக நகர்த்துங்கள்; ஒரே சட்டம் இடைக்கிடை இரண்டுமுறை வந்தால் வேகத்தில் கைவைக்க வேண்டாம். 0.75இல் 75 நிமிடப் படம் 100 நிமிடம் ஓடும், மண்டபத்தை அதற்கேற்பப் பதியுங்கள். கோப்பில் உள்ள இசையும் இழுபடும் என்பதால் அதை நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது எழுத்து. எங்கள் ஆட்களில் பலர் இன்னும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில்தான் தட்டுகிறார்கள். அதை அப்படியே உபதலைப்புக் கோப்பில் ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும். யூனிகோடுக்கு மாற்றி, யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். பிறகு 'கொழும்பு' என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள். கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றால் அந்த மடிக்கணினிக்குத் தமிழ் கோக்கத் தெரியாது. வேறு கணினியில் எழுத்தைப் படத்திலேயே பதித்து எடுங்கள். வரிக்கு 30 எழுத்து, இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். படத்தின் இடையே வசனம் காட்டும் ரஷ்ய அட்டையை மறைக்காமல் அதன் கீழே வையுங்கள்.

ஆங்கில உபதலைப்பைப் பார்த்து மொழிபெயர்ப்பதுதான் பெரிய பிழை. ரஷ்ய மொழியில் 'தி' என்றால் நீ, 'வி' என்றால் நீங்கள். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். யார் யாரை எப்படி அழைக்கிறார் என்று ரஷ்ய அட்டையிலேயே பாருங்கள். செக்கர்ஸ் ஆடும் கோல்யாவுக்கும் வலோத்யாவுக்கும் 'தோழரே' பொருந்தாது, 'மச்சான்' போதும்.

பழைய மண்டபங்களில் வட்டக்கால் பிளக் பொயின்ற்தான் இருக்கும், 13 அம்பியருக்கு அடப்டர் கொண்டுபோங்கள். கடைசி வரிசையில் இருந்து எழுத்தை வாசித்துப் பாருங்கள். ஃபான் காற்றில் திரைச்சீலை அசைந்தால் எழுத்து நெளியும். அடி ஓரத்தைக் கட்டிவிடுங்கள்.