மேட்டர்ஹார்ன் ஏறுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவிட்சர்லாந்து, இத்தாலி எல்லையில் 4,478 மீட்டர் உயரத்தில் நிற்கிறது மேட்டர்ஹார்ன். சுவிஸ் பக்கத்து ஹோர்ன்லி முகடுதான் பலரும் ஏறும் வழி. நன்கு பழகியவர்களுக்கு அந்தப் பாறைகள் ஒன்றும் மலைக்க வைப்பவை அல்ல. ஆளைச் சிக்கவைப்பது தாமதம்தான்.

முகட்டின் அடியில் இருக்கும் ஹோர்ன்லி குடிலிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 1,200 மீட்டர் ஏற்றம். நல்ல வேகத்தில் நாலைந்து மணி நேரம் ஆகும். இறங்கவும் ஏறக்குறைய அவ்வளவே ஆகும். இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. 1865 ஜூலை 14 அன்று முதன்முதலில் உச்சியைத் தொட்ட எட்வர்ட் விம்ப்பர் குழுவின் ஏழு பேரில் நால்வர் இறந்ததும் இறங்கும்போதுதான்.

நேரத்தை அதிகம் தின்பது கயிறு. ஒருவர் ஏற, மற்றவர் நின்று கயிறு பிடிப்பது என்று முழு முகட்டையும் ஏறினால் மதியமாகியும் பாதிவழியில்தான் இருப்பீர்கள். எளிய இடங்களில் கயிற்றைக் குறுக்கி, பாறை முனைகளில் சுற்றிப் போட்டபடி இருவரும் சேர்ந்தே நகர வேண்டும். இதைச் சிறிய மலைகளில் பழகிவிட்டு வாருங்கள்.

அடுத்தது வழி தவறுவது. விடியுமுன் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் எல்லாப் பிளவும் பாதை போலத்தான் தெரியும். சரியான வழியில் பாறை தேய்ந்து வழவழப்பாக இருக்கும். கிராம்ப்பான் (பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸில் மாட்டும் உலோக முட்கள்) கீறல்களும் தெரியும். காலடியில் கற்கள் கழன்று உருண்டால் முகட்டை விட்டு மலையின் கிழக்குச் சரிவுக்குள் விலகிவிட்டீர்கள் என்று அர்த்தம். 'அப்படியே மேலே போய்ச் சேர்ந்துகொள்ளலாம்' என்று நினைக்காமல் வந்த வழியே திரும்புங்கள். அந்தக் கற்கள் கீழே வருபவர்கள் தலையில்தான் விழும்.

4,003 மீட்டரில் உள்ள சோல்வே குடில் அவசரத்துக்கு மட்டும். இரவு அங்கே தங்கிக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டே கிளம்புவது, என்னைக் கேட்டால், அடாவடி. மூன்று மணி நேரத்தில் அதை எட்டாவிட்டால் திரும்பிவிடுவது நல்லது. மதியத்துக்கு மேல் இடிமேகம் சூழ்ந்தால் அந்த முகட்டில் அந்தக் குடிலை விட்டால் ஒதுங்க இடமே இல்லை.

உச்சிக்கு முந்தைய சரிவில் பனி இருந்தால் கிராம்ப்பானை முன்கூட்டியே, நிற்க வசதியான இடத்தில் மாட்டுங்கள். அப்புறம், காப்பீடு. சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் மலையேற்றத்தை ஏற்காது; மீட்பு ஹெலிகாப்டர் வந்தால் அதன் செலவு உங்கள் தலையில்தான் விழும்.