பிரிந்த பெற்றோர், கல்லூரிச் செலவு: என் அனுபவம்
நானும் மகளின் அப்பாவும் பிரிந்து பல வருடங்கள் ஆகின்றன. அமெரிக்காவில் உதவித்தொகைக்கான ஃபாஃப்ஸா படிவத்தை எங்களில் யார் நிரப்புவது என்பதுதான் முதல் கேள்வி. முன்பெல்லாம் பிள்ளை யாருடன் அதிக நாள் இருந்ததோ அவர். 2024-25 கல்வியாண்டிலிருந்து, கடந்த 12 மாதங்களில் பிள்ளைக்கு அதிகம் செலவழித்தவர். கணக்கெழுதிப் பார்த்தேன், என் பங்குதான் கூடுதல். சரி, படிவத்தில் என் வருமானம் மட்டும் பதிவானது. (மறுமணம் செய்தவர் நிரப்பினால் புதுத் துணையின் வருமானமும் சேரும்.)

உண்மையான தலைவலி சிஎஸ்எஸ் ப்ரொஃபைல், அதாவது சில கல்லூரிகள் தங்கள் சொந்த உதவித்தொகைக்காகக் கூடுதலாகக் கேட்கும் படிவம். அதைக் கேட்கும் தனியார் கல்லூரிகள் பலவற்றுக்குப் பிரிந்து வாழும் மற்ற பெற்றோரின் வருமான விவரமும் வேண்டும். "நான் பணம் தர மாட்டேன்" என்று அவர் சொல்வது, அந்த விவரம் தருவதிலிருந்து விலக்குப் பெறப் பொதுவாகப் போதாது. தொடர்பே அற்றுப்போனது, வன்முறை போன்ற காரணங்களுக்குத்தான் விலக்கு, அதுவும் சான்றுக் கடிதத்தோடு. எங்கள் கதை அப்படியில்லை. எனவே அவர் விவரத்தைக் கேட்காத கல்லூரிகளையும் மாநிலப் பல்கலைக்கழகங்களையும் பட்டியலின் மேலே கொண்டுவந்தோம்.

அப்புறம், உதவித்தொகை போக நாம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று கணிக்க ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் இருக்கும் நெட் பிரைஸ் கால்குலேட்டர். பிரிந்த குடும்பங்களுக்கு அதன் கணிப்பு தவறலாம் என்பதால், உதவித்தொகை அலுவலகங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்திலேயே பதில் வாங்கினேன். ஒரு சிறிய தனியார் கல்லூரி, மாநிலப் பல்கலைக்கழகத்தைவிடக் குறைவாகவே கேட்டது. மகள் அங்கேதான் சேர்ந்தாள்.