கல்லூரி மன்றங்களில் சேருவது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு

அறிமுக நாளில் ஏழெட்டு மன்றங்களில் பெயர் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் எதிலும் தலைகாட்டாதவர்கள் ஏராளம். பெயர் கொடுப்பது சுலபம், உள்ளே ஒரு வேலை பிடிப்பதுதான் விஷயம்.

படி 1: இரண்டு போதும்

படிப்பை ஒட்டி ஒன்று, ஆசைக்கு ஒன்று. மின்னணுவியல் மாணவருக்கு, பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐ.இ.இ.இ.-யின் (IEEE) மாணவர் கிளை, சேவையில் நாட்டமிருந்தால் 1968-இல் தொடங்கிய, ரோட்டரி சங்கத்தின் இளைஞர் அமைப்பான ரோட்டராக்ட், இப்படி. சந்தா உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். ஐ.இ.இ.இ.-க்கு ஆண்டுச் சந்தா உண்டு.

படி 2: ஒரு கூட்டத்தில் சும்மா உட்காருங்கள்

பொறுப்பாளர்களே பேசி, புதியவர்கள் கைதட்ட மட்டும் என்றால், வேறு மன்றம் பாருங்கள்.

படி 3: சின்ன வேலையைக் கேட்டு வாங்குங்கள்

"ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டால், "சொல்றோம்ப்பா" என்பார்கள். அவ்வளவுதான். "அக்கா, போஸ்டர் வேலையை யார் பார்க்கிறார்கள்? நானும் வரட்டுமா?" என்று கேட்டால் அன்றைக்கே வேலை கிடைக்கும்.

விவாத மன்றத்தில் சேர்ந்திருக்கிறீர்களா? மேடையேறப் பயமாக இருந்தால் நேரம் பார்க்கும் பொறுப்பைக் கேளுங்கள். பிரிட்டிஷ் பாராளுமன்ற முறை என்ற விவாதப் போட்டி வகையில் இருவர் கொண்ட 4 அணிகள். ஒவ்வொருவருக்கும் பொதுவாக 7 நிமிடம். முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் எதிரணி குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது. அந்த எல்லைகளில் மேசையைத் தட்டுவது உங்கள் வேலை. 8 பேச்சையும் கடிகாரத்தோடு கேட்பதால், யார் எங்கே திணறுகிறார்கள், யார் நேரத்தை வீணடிக்கிறார்கள் என்பது தானாகப் பிடிபடும். இரண்டு மூன்று சுற்றுக்கு அப்புறம் நீங்களே பேச எழுந்துவிடுவீர்கள்.

எந்த மன்றமானாலும் யாரும் தொடாத வேலை ஒன்று இருக்கும்: கூட்டக் குறிப்பு எழுதுவது. எந்த வேலையை யார், எந்தத் தேதிக்குள் முடிப்பதாகச் சொன்னார்கள் என்று மூன்று பத்தி கொண்ட அட்டவணை போட்டு, அன்று இரவே குழுவில் அனுப்புங்கள். ஒரே மாதத்தில் சீனியர்கள் உங்களிடம்தான் விவரம் கேட்பார்கள்.

படி 4: பணப் பொறுப்பு இப்போது வேண்டாம்

தலையில் கட்டினால், ரசீது இல்லாமல் ஒரு செலவும் செய்யாதீர்கள். கைக்காசு போட்டுவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்பது பெரும்பாலும் வராத காசு.

படி 5: தேர்வுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்

திடீரென்று மாயமாக வேண்டாம். இரண்டு வாரம் முன்னதாகச் செயலாளருக்குச் செய்தி அனுப்புங்கள். உங்கள் வேலையை யார் பார்ப்பார், எந்தத் தேதியில் திரும்புவீர்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.