ஐஸ் கோர் ட்ரில்லிங்: புதுசா வர்றவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐஸ் கோர்னா தடிமனான பனிப்படலத்துல ஓட்டை போட்டு வெளிய எடுக்கிற ஐஸ் உருளை. கையுறை போடுங்க, கட்டரைத் தீட்டி வைங்கன்னெல்லாம் சொல்லப் போறதில்ல, அது முதல் நாளே தெரிஞ்சிடும். எங்க காலத்துல நடந்த அதே கூத்தை இப்ப வர்ற பசங்களும் பண்றதப் பாத்துதான் எழுதுறேன்.

இன்னும் பத்து சென்டி

இன்னிக்கும் எனக்கு எரிச்சல் கிளப்புறது இதுதான். கட்டர் சீவுற ஐஸ் தூள் ட்ரில்லுக்குள்ள இருக்கிற சேம்பர்ல போய்ச் சேரணும், அது ரொம்பிட்டா பேரலை, அதாவது ட்ரில்லோட குழாயைச் சுத்தி அடைச்சுக்கும், மோட்டார் இழுக்கிற ஆம்பியர் ஏறும். அப்பவே நிறுத்தி மேல ஏத்திடணும். ஒரு சீசன்ல ஒரு பையன், ஆம்பியர் மீட்டர் ஏறுறது கண்ணுக்கு நேரா தெரியுது, "இன்னும் பத்து சென்டி சார், ரன் (ட்ரில்லை ஒரு தடவை இறக்கி ஏத்துறது) முழுசா வந்துடும்"னு ஓட்டிட்டே இருந்தான், ட்ரில் மாட்டிக்கிச்சு, அதோட விட்டானா, கேபிளைச் சுத்தி மேல இழுக்கிற வின்ச்சை முழு வேகத்துல போட்டு இழுத்தான், தூள் இன்னும் இறுகிப்போச்சு. அந்த சீசன் அவ்ளோதான்.

மாட்டின ட்ரில் என்ன விலை கேக்கும்னு பாருங்க. 1997ல கிரீன்லாந்து நார்த்கிரிப்ல 1371 மீட்டர்ல மாட்டுச்சு, புது ஓட்டை போட்டு அடியைத் தொட 2003 ஆயிடுச்சு. அண்டார்டிகா டோம் சி-ல 788 மீட்டரோட முதல் ஓட்டை போச்சு, 8 லட்சம் வருஷத்து ஐஸ் கிடைச்சதெல்லாம் ரெண்டாவது ஓட்டைலதான்.

மாட்டிடுச்சா, இழுக்காதீங்க. கேபிள்ல அளவான டென்ஷன் மட்டும் வச்சு, கிளைக்கால்ங்கிற (glycol) ஐஸைக் கரைக்கிற திரவத்தை கீழ இறக்கி, தூள் கரையுற வரைக்கும் பொறுமையா உக்காருங்க. 1966ல கிரீன்லாந்து கேம்ப் செஞ்சுரில 1387 மீட்டர் போய் அடியைத் தொட்டாங்களே, அங்க தூளை கிளைக்கால்லதான் கரைச்சாங்க.

வெறும் ஓட்டை

சில நூறு மீட்டர் தாண்டினா ஐஸோட அழுத்தமே ஓட்டையை மெல்ல மூடிடும், அதனால ஐஸ் அடர்த்திக்குக் கிட்ட வர்ற திரவத்தை ரொப்பணும். வெறும் டீசல் பத்தாது, லேசு. கேம்ப் செஞ்சுரில டிரைக்ளோரோஎத்திலீன் கலந்து கனமாக்கினாங்க.

அம்புக்குறி

கோர் வெளிய வந்ததும் மேல் பக்கத்தைக் குறிங்க. அப்புறம் டீ குடிக்கலாம்.

நொறுங்குற ஐஸ்

சுமார் 600லேர்ந்து 1200 மீட்டர் வரைக்கும் உள்ள காத்துக்குமிழி பயங்கர அழுத்தத்துல இருக்கும், மேல வந்தா கோர் தானாவே வெடிக்கும். அவசரப்பட்டு ரம்பம் வைக்காதீங்க, அடுத்த சீசன் வரைக்கும் கிடக்கட்டும்.

அடி வந்துடுச்சுன்னு குஷி

1968ல அண்டார்டிகா பேர்ட் ஸ்டேஷன்ல 2164 மீட்டர்ல அடியைத் தொட்டதும் கீழ இருந்த தண்ணி ஓட்டைக்குள்ள ஏறிடுச்சு, அடுத்த வருஷம் ட்ரில் மாட்டி அங்கயே போச்சு. அடிப்பக்கம் ஐஸ் உருகுற சூட்டுக்குக் கிட்ட இருந்தா தூள் ஒட்டிக்கும், அங்க ரன்னைச் சின்னதா வைங்க, பத்து சென்டி ஆசையெல்லாம் வேணாம்.