அலையாத்தி நடவு: கன்று பட்டுப்போகக் காரணமாகும் தவறுகள்

கடலோரச் சேற்றுவெளி ஒன்று வெறுமையாகக் கிடந்தால், அங்கே அலையாத்திக் கன்று நடலாமே என்று தோன்றுவது இயல்பு. நடுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேடியாக வேண்டும். பக்கத்திலேயே தாய்மரங்கள் நிற்கின்றன, ஆண்டுதோறும் விதைகள் ஓதத்தில், அதாவது கடல்நீரின் ஏற்ற வற்றத்தில், மிதந்து வந்து ஒதுங்குகின்றன. அப்படியிருந்தும் இந்த இடத்தில் ஏன் ஒன்றுகூட வேர்பிடிக்கவில்லை? இதை விசாரிக்காமல் நட்டால், இயற்கையாக வந்த விதைக்கு நேர்ந்ததுதான் நட்ட கன்றுக்கும் நேரும்.

நேர்ந்தும் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் 23 இடங்களில், ஏறக்குறைய 1,000 முதல் 1,200 ஹெக்டேரில் அலையாத்தி மீட்பு முயற்சிகள் நடந்தன. 2017இல் வெளியான ஆய்வின்படி அவற்றில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேர்தான். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பிலிப்பைன்ஸில் பல பத்தாண்டுகளாக நடந்த பெருநடவுகளை 2008இல் தொகுத்துப் பார்த்தபோது, நீண்டகாலம் பிழைத்தவை பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம். இரண்டு நாட்டிலும் உழைப்புக்குக் குறைவில்லை. நடுவதற்குத் தேர்ந்தெடுத்த இடம்தான் காலை வாரியது.

மட்டம் பார்க்காமல் நடுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். அலையாத்தி உப்புநீரில் வளரும் மரம் என்பதால், தண்ணீர் எவ்வளவு நின்றாலும் தாங்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது வாழக்கூடிய உயர எல்லை மிகக் குறுகியது. சராசரிக் கடல்மட்டத்துக்குச் சற்று மேலே தொடங்கி, அமாவாசை பௌர்ணமி ஏற்றம் தொடும் உச்சி வரை, அவ்வளவுதான். ராபின் லூயிஸ் என்ற அமெரிக்க அறிஞர் பல கரைகளை ஆராய்ந்து ஒரு கணக்குச் சொன்னார்: அலையாத்தி நிற்கும் தரை மொத்த நேரத்தில் 30 சதவீதம் அல்லது அதற்கும் குறைவாகத்தான் நீரில் மூழ்கியிருக்கும். சராசரியாக ஒரு நாளில் ஏழு மணி நேரம். மீதி நேரம் தரை வெளியே தெரிய வேண்டும்.

காரணம் வேரில் இருக்கிறது. அந்தச் சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. குத்திக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருவது சல்பைடால். மூச்சுவேர்களிலும் தாங்குவேர்களிலும் உள்ள நுண்துளைகள் வற்றத்தின்போது காற்றை இழுத்து உள்ளே அனுப்புவதால்தான் மரம் பிழைக்கிறது. வளர்ந்த மரத்துக்கு வேர்கள் உயரமாக இருப்பதால் சமாளித்துக்கொள்ளும். முழங்கால் உயரக் கன்றோ முழுவதுமாக மூழ்கி, உள்ளிருக்கும் காற்றைத் தீர்த்துவிட்டு, நாளடைவில் இலை மஞ்சளித்து உதிர்ந்துவிடும். மூழ்கியே கிடக்கும் தண்டில் கொட்டலசு என்ற ஓட்டுயிர் ஒட்டி, எடை தாங்காமல் கன்று சாய்வதும் இதோடு சேர்ந்து நடக்கும். கொட்டலசைச் சுரண்டிவிட ஆள் வைப்பதைவிட, கன்று ஏன் இவ்வளவு நேரம் நீருக்குள் இருக்கிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

மட்டம் பார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. காற்றில்லாத நாளில், பெரிய ஏற்றம் நின்று திரும்பும் தறுவாயில், அளவு குறித்த குச்சியோடு இரண்டு இடத்திலும் நீராழம் பாருங்கள்: ஒன்று இயற்கையாக அலையாத்தி வளரும் இடம், மற்றது நீங்கள் நட நினைக்கும் இடம். அங்கே 30 சென்டிமீட்டர், இங்கே 90 என்றால் உங்கள் நிலம் 60 சென்டிமீட்டர் பள்ளம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நீர்மட்ட வித்தியாசம் ஒரு மீட்டர் மட்டுமே உள்ள கரையில் 20 சென்டிமீட்டர் வித்தியாசமே கன்றின் வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கப் போதும்.

இதிலும் ஒரு சறுக்கல் உண்டு. ஒப்பிடும் இடத்தைப் பெரிய மரத்தடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. அந்த மரம் முளைத்தபோது தரை மேடாக இருந்து, பிறகு அரித்துப் பள்ளமாகியிருக்கலாம். இளங்கன்றுகள் தாமாக முளைத்து நிற்கும் இடத்தில்தான் அளக்க வேண்டும். ஐந்தாறு புள்ளிகளாவது எடுங்கள்.

இரண்டு இடத்துக்கும் நடுவே கரையோ சாலையோ இருந்து ஓதம் தடைபட்டால் நீராழ ஒப்பீடு பொய்யாகிவிடும். அப்போது கொத்தனார் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயே கைகொடுக்கும். குழாய்க்குள் குமிழி இருக்கக் கூடாது, அளவு பார்க்கும் நேரத்தில் இரு முனையும் திறந்திருக்க வேண்டும். குழாயை நகர்த்த நகர்த்தச் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், கடைசியில் தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து சரிபாருங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் மறுபடி அளப்பதே நல்லது.

தண்ணீர் ஓடாத இடத்தில் நடுவது

மட்டம் சரியாக இருந்தும் கன்று கருகுகிறதா? அப்படியென்றால் தண்ணீர் உள்ளே வந்து, வெளியேற வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பை விட்டுச் செல்கிறது. பிச்சாவரத்தில் மரங்களைப் பகுதி பகுதியாக வெட்டிய பிறகு நடந்தது இதுதான். தரை காய்ந்து தொட்டிபோலத் தாழ்ந்து, அதில் நீர் தேங்கி உப்பேறியது. 1990களில் மீன் முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் வந்து போக வழி செய்த பிறகே அங்கே கன்றுகள் பிழைத்தன. அத்தகைய வாய்க்கால் வண்டலால் தூர்ந்தால் பழைய நிலை திரும்பும். தூர்வாரும் செலவைத் திட்டத்தின் முதல் நாளிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

உப்பை அளக்கும்போது மேலே நிற்கும் நீரை எடுப்பவர்கள் அதிகம். வேர் குடிப்பது மண்ணுக்குள் இருக்கும் நீரை. 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, மேல்நீர் உள்ளே வழியாதபடி பார்த்துக்கொண்டு, பக்கவாட்டில் ஊறிவரும் நீரை உப்புமானியில் ஒரு சொட்டு வையுங்கள். கடல்நீரில் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. மண்நீர் 70ஐ நெருங்கினால் வெண்கண்டல் போன்ற உரமான இனம்கூடக் குட்டையாகவே நிற்கும். கோடையின் கடைசியில் ஒரு முறை, மழை ஓய்ந்த பின் ஒரு முறை என்று இரண்டு அளவும் தேவை.

கைவிடப்பட்ட இறால் பண்ணைகளில் இன்னொரு சிக்கல். அலையாத்தி மண்ணில் இரும்பு சல்பைடு புதைந்திருக்கும். தோண்டிக் காற்றுப்பட வைத்தால் அது கந்தக அமிலமாக மாறி, மண்ணின் பிஎச் 4க்குக் கீழே போய்விடும். அங்கே இயந்திரம் விட்டு மண்ணைப் புரட்டுவது நிலைமையை மோசமாக்கும். பழைய ஓடை எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் கரையை உடைத்துவிடுவதுதான் முதல் வேலை. கரையைக் கண்ட இடத்தில் உடைத்தால் நீர் வேகமாகப் பாய்ந்து வண்டலை வெளியே அள்ளிச் செல்லும். ஃபுளோரிடாவின் வெஸ்ட் லேக் பகுதியில் லூயிஸ் குழுவினர் ஏறக்குறைய 500 ஹெக்டேரில் நீரோட்டத்தைச் சீராக்கினார்கள். மிதந்து வந்த விதைகளே காட்டைத் திரும்பக் கொண்டுவந்தன.

எங்கும் சுரபுன்னையே

சுரபுன்னை என்ற அலையாத்தி இனத்தின் நீளமான காய் மரத்திலேயே முளைத்துத் தொங்கும். பொறுக்கிச் சேற்றில் செருகினால் போதும், நாற்றங்கால் வேண்டாம். இந்த வசதிக்காகவே அதை எல்லா இடத்திலும் நடுகிறார்கள். ஆனால் கடலைப் பார்த்த முன்வரிசையில் பல கரைகளில் முதலில் காலூன்றுவது வெண்கண்டல் வகைதான். அருகிலுள்ள இயற்கைக் காட்டில் எந்த இனம் எந்த வரிசையில் நிற்கிறது என்று பார்த்து அப்படியே பின்பற்றுங்கள்.

காயைக் கையாளும்போது கவனிக்க வேண்டியவை சில. காயும் அதன் தொப்பியும் சேருமிடத்தில் கழுத்துப்பட்டைபோல ஒரு வளையம் தெரிந்தால்தான் முற்றியது. இழுத்துப் பிடுங்கக் கூடாது, தொட்டதும் கழன்று வர வேண்டும். பூச்சித் துளை உள்ளதைக் கழித்துவிட்டு, நிழலில் ஈரமாக வையுங்கள். கூரிய, தடித்த முனை கீழே. தலைகீழாகச் செருகுவது புதியவர்களிடம் அடிக்கடி நடக்கிறது. நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள் போனால் போதும்.

இருக்கும் வாழ்விடத்தை அழித்து நடுவது

கடற்புல் படுகை மீதும், பறவைகள் இரைதேடும் சேற்றுத்திட்டு மீதும் கன்று நடுவதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. மட்டி பொறுக்குபவர்களுக்கும் சிறு வலைக்காரர்களுக்கும் அந்தச் சேறுதான் வாழ்வாதாரம். யாருக்கும் சொந்தமில்லாத இடம்போலத் தெரிவதால்தான் அங்கே நடவு நடக்கிறது என்பது வேதனை. படகு வழி, வலை இழுக்கும் தடம், ஆடுமாடு இறங்கும் பாதை ஆகியவற்றை அங்கே புழங்குபவர்களிடம் கேட்டு வரைந்துகொண்ட பிறகே எல்லை குறிக்க வேண்டும்.

பின்னால் இடம் விடாதது

2006 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஆண்டுக்குச் சுமார் 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது. வேர்களுக்கிடையே வண்டலைப் பிடித்து அலையாத்தி தன் தரையைத் தானே உயர்த்திக்கொள்ளும். ஆனால் பழங்கால வண்டல் பதிவுகளை வைத்து 2020இல் வெளிவந்த ஆய்வு, உயர்வு ஆண்டுக்கு 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதனால் ஈடுகொடுக்க முடியாது என்கிறது. அப்போது காடு நிலப்பக்கம் நகர்ந்தாக வேண்டும். பின்னால் சுவரோ சாலையோ இருந்தால் எங்கே போகும்? நடும் பரப்பைவிட, அதன் பின்னால் சரிவாக உயரும் திறந்த நிலம் இருக்கிறதா என்பதற்கே அதிக எடை கொடுங்கள்.

மூன்றாம் மாதத்தில் வெற்றி அறிவிப்பது

காயில் சேர்ந்திருக்கும் உணவே கன்றைச் சில மாதங்கள் பச்சையாக வைத்திருக்கும். அதனால் 90 நாளில் எடுத்த கணக்கு நிலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஐந்து ஆண்டுகளாவது தொடர வேண்டும். நிரந்தரக் கம்பு நட்ட சதுரங்களில், அதே இடத்தில், அதே திசையில் படம் எடுங்கள். பட்டுப்போன கன்றுக்குப் பதில் புதிதாக நட்டதைப் பழைய கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரே சதுரத்தில் இரண்டு முறை பட்டால் மூன்றாவது முறை நடாமல் மட்டத்தையும் உப்பையும் மறுபடி அளங்கள். நடாமல் தானாக முளைத்தவற்றுக்குக் கணக்கேட்டில் தனிப் பத்தி ஒதுக்கி எண்ணுங்கள். அந்தப் பத்தியில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், அடுத்த பருவத்துக்கு நாற்றுப்பை நிரப்ப வேண்டியதில்லை.