மலைத்தோட்டக் காப்பியைச் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டில் வடிப்பது எப்படி?

1,500 மீட்டர் உயரத்தில் விளைந்த நல்ல அராபிகா காப்பிக்கொட்டையை வாங்கி, வழக்கமான ஃபில்டரில் போட்டுப் பாலும் சீனியும் கலந்து, "என்ன இது, புளிக்குதே" என்று ஒதுக்கிவிடுபவர்கள் நிறைய. பாவம், கொட்டைமேல் குற்றமில்லை. உயரத்தில் குளிர் அதிகம், அதனால் பழம் மெதுவாகப் பழுக்கும், கொட்டை இறுகிப்போகும். இளவறுப்பில் அந்த இறுக்கம் அப்படியே இருக்கும். கைக் கிரைண்டரைச் சுற்றும்போதே தோள் சொல்லிவிடும். இறுகிய கொட்டையிலிருந்து சுவை சுலபமாக இறங்காது. புளிப்பு முதலில் வந்துவிடும், இனிப்பு பின்னால்தான் வரும். இந்த முறை முழுக்க அந்த இனிப்பை வரவழைப்பதற்காகத்தான்.

வாங்கும்போது

சேர்வராயன் மலையோ, சுமத்ராவின் காயோ மலைப்பகுதியோ, எத்தியோப்பியாவோ, பையில் ஊர், உயரம், வறுத்த தேதி மூன்றும் இருக்க வேண்டும். வறுத்த தேதி இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். இயற்கை வேளாண் முத்திரை, செடி எப்படி வளர்ந்தது என்பதைச் சொல்லும். சுவைக்கு அது உத்தரவாதமில்லை. முத்திரை வாங்கச் செலவாகும் என்பதால் ரசாயனமே தொடாத சிறு தோட்டங்கள் சில அது இல்லாமலும் விற்கின்றன. வறுப்பவரிடம் கேட்டால் விவரம் தெரிந்தவர் சொல்வார்.

இளவறுப்புக் கொட்டையை வறுத்த மறுநாளே வடிக்காதீர்கள். உள்ளே தேங்கிய கரியமில வாயு தண்ணீரைத் தள்ளிவிடும். பத்து நாளாவது ஆறட்டும்.

நம் ஊர் ஈரப்பதத்தில் பெரிய பை வாங்குவது வீண். 200 கிராம் போதும். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துத் தினமும் திறந்து மூடினால் கொட்டையில் ஈரம் படியும், கறிக்குழம்பு வாசமும் ஏறும். மீதியைக் காற்றுப் புகாத சிறு பைகளில் பிரித்து உறைபெட்டியில் வைக்கலாம். எடுத்த பை அறைச் சூட்டுக்கு வந்தபின் திறங்கள்.

தேவையானவை

கூம்பு வடிவ டிரிப்பர் (வி60 என்ற வகை போதும்), அதற்கான வடிதாள், 0.1 கிராம் காட்டும் தராசு, கெட்டில், பர் கிரைண்டர் (பிளேடு இல்லாமல், பற்களுக்கிடையே நசுக்கிச் சீராக அரைப்பது). காசு செலவழிப்பதென்றால் கிரைண்டருக்குச் செலவழியுங்கள். மிக்ஸியின் பிளேடு பாதியைத் தூளாகவும் பாதியைக் குறுநொய்யாகவும் ஆக்கும். தூள் கசக்கும், நொய் புளிக்கும். கிரைண்டர் இல்லையென்றால் கடையிலேயே 100 கிராம் மட்டும் அரைத்து வாங்கி ஒரு வாரத்தில் முடித்துவிடுங்கள்.

தண்ணீர்: குழாய் நீர் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் அதில் கிருமிநீக்கத்துக்குச் சேர்க்கும் குளோராமின் கொதிக்க வைத்தாலும் லேசில் போகாது. கார்பன் ஃபில்டர் உள்ள ஜக்கில் ஊற்றி எடுங்கள்.

வடிப்பது

15 கிராம் காப்பி, 240 கிராம் தண்ணீர். மெல்லிய ரவை அளவுக்கு அரையுங்கள். வடிதாளை வெந்நீரில் நனைத்து அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். தாள் வாசம் போகும், டிரிப்பரும் சூடாகும்.

1,500 மீட்டர் மலையில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இங்கே 100. இளவறுப்புக்கு அந்தக் கூடுதல் சூடு நமக்கு லாபம்: கொதித்த உடனே ஊற்றுங்கள். நடுத்தர வறுப்பென்றால் மூடியைத் திறந்து ஒரு நிமிடம் விடுங்கள்.

கடிகாரத்தைத் தொடங்கி 45 கிராம் ஊற்றி, டிரிப்பரை மெல்ல ஒரு சுழற்று சுழற்றுங்கள். தூள் உப்பிக் குமிழி விடும். 45 வினாடி பொறுங்கள். பிறகு நடுவிலிருந்து வட்டமாக, மெல்லிய தாரையாக, மொத்தம் 150 கிராம் ஆகும் வரை ஊற்றுங்கள். ஒன்றரை நிமிடம் ஆனதும் மீண்டும் ஊற்றி மொத்தம் 240 ஆக்குங்கள். சுமார் மூன்று நிமிடத்தில் வடிந்து முடிய வேண்டும். அடியில் தூள் சமமாகப் படிந்திருந்தால் சரி. ஒரு பக்கம் குழி விழுந்திருந்தால் தண்ணீர் அந்த வழியாகவே ஓடிவிட்டது. அடுத்த தடவை இன்னும் தாழ்வாக, நிதானமாக ஊற்றுங்கள்.

பாலும் சீனியும் இல்லாமல், கொஞ்சம் ஆறவிட்டுக் குடியுங்கள். கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் நாக்குச் சூட்டைத்தான் அறியும்.

சுவை சரியில்லையா?

நாக்கைச் சுண்டும் புளிப்பு, இரண்டு நிமிடத்திலேயே வடிந்துவிட்டது: இன்னும் நைசாக அரையுங்கள். மலைக்காப்பியில் பெரும்பாலும் இதுதான் கோளாறு. கசந்து நாக்கு வறண்டால், நான்கு நிமிடம் தாண்டினால், ஒரு படி கொரகொரப்பாக. புளிப்பும் கசப்பும் சேர்ந்தே வந்தால் அரைப்பு சீராக இல்லை. சூடு, அளவு, அரைப்பு மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. முதலில் அரைப்பை மட்டும் மாற்றுங்கள்.

மத்தியான வெயிலுக்கு ஐஸ் காப்பி வேண்டுமென்றால், கீழே வைக்கும் குவளையில் 120 கிராம் ஐஸ் போட்டு, 20 கிராம் காப்பியை இன்னும் சற்று நைசாக அரைத்து, 180 கிராம் கொதிநீரில் இதே முறையில் நேரே ஐஸ்மேல் வடியுங்கள். ஐஸ் உருகுவதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. தண்ணீர் கூட்ட வேண்டாம்.